சைலன்சர் சத்தத்துக்குச் சலான்: கட்டிவிடுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

ஒரே இடம், ஒரே நாள், ஒரே பிரிவு, ஒரே தொகை. எனக்கும் என் அக்கா பையனுக்கும் அடுத்தடுத்துச் சலான் போட்டார்கள். அவனை மறுபேச்சில்லாமல் கட்டச் சொன்னேன். நான் கட்டவில்லை, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். “அதெப்படிடா, உனக்கு ஒரு நியாயம் எம்பையனுக்கு ஒரு நியாயமா?” என்று அக்காவே கேட்டாள். கேட்கத்தான் தோன்றும். ஆனால் இரண்டு வண்டிகளையும் சலானில் எழுதியிருந்த பிரிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

என்னுடையது 1998 மாடல் புல்லட் 350. பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கம்பெனியில் வந்த சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் முன்பே மாற்றியிருந்தேன். கம்பெனி ஸ்பேர்ஸ் விற்கும் டீலரிடமே வாங்கியது, பில்லும் பத்திரமாக இருந்தது. 2023-ல் ஆர்சி புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் இதே சைலன்சரோடுதான் வண்டியை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சடங்கு உண்டு. அந்தத் தாள் பிறகு உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

மாப்பிள்ளை, அதாவது அக்கா பையன், வைத்திருப்பது கிளாசிக் 350. வாங்கிய சூட்டோடு கம்பெனி சைலன்சரைக் கழற்றி பரணில் போட்டுவிட்டு ‘இந்தோரி’ என்கிற வெளிக்கடைச் சைலன்சரை மாட்டிக்கொண்டான். புல்லட் உலகத்தில் இந்தோரி, பஞ்சாபி, ஷார்ட் பாட்டில், கோல்ட் ஸ்டார் என்று இதற்கு ஒரு ஜாதகமே உண்டு. சத்தத்தைக் குறைக்கச் செருகியிருந்த டிபி கில்லரையும் அவன் உருவிவிட்டான். பின்னால் குனிந்து டார்ச் அடித்தால் உள்ளே வெறும் குழாய். அதன் சத்தத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அவன் தெரு முனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு நாய் எழுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்விட்டு இறங்கிவந்தோம். அடிவாரத்தில் போலீஸ் சோதனை. எந்த மலை, எந்த மாவட்டம் என்பது வேண்டாம். ஈரோட்டிலிருந்து போய்வர ஒரு முழு நாள் ஆகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டிகள் கண்ணில் படும் முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும். எஸ்ஐ சாலைக்கு நடுவில் வந்து நின்றிருந்தார்.

“சார், என்னுது கம்பெனி சைலன்சருங்க.”

“கம்பெனி சைலன்சர் பட்டாசு வெடிக்குமாங்க?”

அவர் கேட்டதில் தப்பில்லை. கடைசி நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளாக என் வண்டி நிஜமாகவே பட்டாசு வெடித்துக்கொண்டுதான் வந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் ‘பட், பட்’. எனக்கே புதிதாக இருந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல வாயைக் கொடுத்தான். “டெசிபல் மீட்டர் எங்க சார்? மீட்டர் இல்லாம எப்படிப் போடுவீங்க?” அதுவரை ஆர்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் உடனே இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் கேட்டார். இன்சூரன்ஸ் இருந்தது. புகைச் சான்று முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நல்லவேளை, அதைத் தனியாக எழுதாமல் விட்டார். ரோட்டில் நின்று சட்டம் பேசுவதன் முதல் பலன் பெரும்பாலும் இதுதான். சொல்ல வேண்டியதை மரியாதையாக ஒருமுறை சொல்லலாம், அதற்கு மேல் அங்கே ஜெயிக்க எதுவும் இல்லை.

அங்கேயே நான் செய்தது ஒன்று மட்டும். “சார், சைலன்சரை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்” என்று கேட்டுவிட்டு, முழு நீளத்துக்கும் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் எடுத்துக்கொண்டேன். பின்னணியில் போலீஸ் பேரிகேடும் விழுந்தது. ஆட்களை எடுக்கவில்லை, வீடியோவும் எடுக்கவில்லை. சத்தத்தை வீடியோ எடுத்துப் புண்ணியமில்லை. போன் தானாகவே பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிப் பதிவு செய்யும். அதைப் போட்டுக் காட்டி சத்தம் அதிகம் என்றும் நிரூபிக்க முடியாது, குறைவு என்றும் நிரூபிக்க முடியாது. போனில் இறக்கும் டெசிபல் ஆப்புகளுக்கும் இதே கதி.

கையடக்க மெஷினில் சீட்டு வந்தது. இரண்டிலும் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப், தலைக்கு 1,000 ரூபாய்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே விஷயத்தைத் தொட்டுவிட்டது. “எறக்கத்துல மட்டும் வெடிக்குதுங்களா, ஏத்தத்துலயுமா?” இறக்கத்தில் மட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, நனைத்த துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில் அழுத்திப் பிடித்தார். உள்ளே அடைபட்ட காற்று வேறு வழி தேடும் அல்லவா? இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பென்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் நுழையும் இடத்திலிருந்து ‘உஸ்ஸ்’ என்று வந்தது. பழைய புல்லட்டில் அந்தப் பைப் ஹெட்டுக்குள் இறுக்கமாகச் செருகி நிற்பது, மரையெல்லாம் கிடையாது. பைப்பைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் அதிர்வில் தளர்ந்து, பைப் ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது. அந்த இடத்தைச் சுற்றி ஹெட்டின் மேல் கரி விசிறி போலப் படிந்திருந்தது. அவர் விரலால் தொட்டுக் காட்டினார், விரல் கறுப்பு.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு கியரிலேயே வண்டியைப் பிடித்து இறங்கும்போது, அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று பைப்புக்குள் போகும். எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து சூட்டில் பற்றிக்கொள்ளும். அதுதான் பட்டாசு. கரிப்படிவத்தை அப்படியே போட்டோ எடுத்த பிறகுதான் கையை வைக்கச் சொன்னேன். பைப்பை உள்ளே தட்டி, போல்ட் மாற்றி, அதற்கு ஒரு பில்லும் எழுதி வாங்கிக்கொண்டேன். “அம்பது ரூபா போல்ட்டுக்கு பில்லாங்க?” என்று சிரித்தார்.

ஆக, போலீஸ் கேட்ட சத்தம் பொய்யில்லை. அவர் நினைத்த காரணம்தான் வேறு. இப்போது சலானை எடுத்து வைத்துப் படித்தேன்.

சைலன்சர் சத்தத்துக்கு வழக்குப் போட சட்டத்தில் மூன்று வழி இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் கட்டுவதா எதிர்ப்பதா என்று முடிவெடுக்கவே கூடாது.

முதலாவது, எங்களுக்குப் போட்ட 194எஃப். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு. தேவையில்லாமல் ஹாரன் அடிப்பது, ஹாரன் கூடாத இடத்தில் அடிப்பது, இவற்றோடு இன்னொன்றும் இதில் உண்டு: புகை சைலன்சர் வழியாகப் போகாமல் வேறு வழியாக வெளியேறும்படி ‘கட்-அவுட்’ வைத்து ஓட்டுவது. முதல் தடவை 1,000, அடுத்த தடவை 2,000. கட்-அவுட் என்றால் சைலன்சருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு திறப்பு. வேண்டும்போது திறந்துவிட்டால் புகை நேராக வெளியே போகும். வண்டி சத்தம் போட்டது என்பது மட்டும் இந்தப் பிரிவுக்குப் போதாது, அந்தத் திறப்பு இருக்க வேண்டும்.

இரண்டாவது, 182ஏ(4). வண்டியை அனுமதியில்லாமல் மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மூன்றாவது, 190(2). சத்தம், புகை ஆகியவற்றுக்கான தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. பலர் அந்தப் பத்தாயிரத்தைப் பார்த்துவிட்டு லைசென்ஸ் விஷயத்தைக் கவனிப்பதில்லை. தண்டனை என்று வந்தால் உண்மையில் வலிக்கிற இடம் அதுதான்.

மாப்பிள்ளை பிடித்துத் தொங்கிய டெசிபல் மீட்டர் இந்த மூன்றில் கடைசிக்கு மட்டும்தான் பொருந்தும். மத்திய மோட்டார் வாகன விதி 120 இதற்கு அடிப்படை. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் எல்லை 80 டெசிபல். அதை அளக்கிற முறையும் வேறு. திறந்த மைதானத்தில் வண்டி முழு ஆக்சிலேட்டரில் கடக்க, அது ஓடும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். மலை அடிவாரத்தில், லாரிகள் ஹாரன் அடித்துப் போகும் இடத்தில், சைலன்சருக்குப் பக்கத்தில் மீட்டரை நீட்டி எடுக்கும் எண்ணை அந்த 80-ஓடு ஒப்பிட முடியாது. ஆகவே 190(2) போட்டிருந்தால் ‘எதை வைத்து அளந்தீர்கள்’ என்ற கேள்விக்கு வலு உண்டு. கட்-அவுட் இருக்கிறதா, சைலன்சர் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதற்கு எந்த மீட்டரும் வேண்டாம், கண் போதும்.

அப்படியே இன்னொரு தவறான நம்பிக்கை: புகைச் சான்று கையில் இருந்தால் சைலன்சர் கேஸ் நிற்காது என்பது. பெட்ரோல் வண்டிக்கு அங்கே பார்ப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். சத்தத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தையும் இருக்காது.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய வாதம் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். இந்தோரி கட்-அவுட் இல்லை. புகை முழுக்க அந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது, ஆகவே 194எஃப் பொருந்தாது என்று நின்றிருக்கலாம். நின்று என்ன ஆகும்? “அப்படியா, அது என்ன சைலன்சர்?” என்ற அடுத்த கேள்விக்கு அவனிடம் பதிலில்லை. 182ஏ(4) அவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவன் மெடிக்கல் ரெப். வண்டி ஓட்டாமல் ஒரு நாள் பிழைப்பு ஓடாது. 190(2) பக்கம் கேஸ் திரும்பி லைசென்ஸ் மூன்று மாதம் போனால் டார்கெட்டும் போகும், வேலையும் போகும். “எஸ்ஐ உனக்குக் கம்மியா எழுதியிருக்கார் மாப்ள, சத்தம் போடாம கட்டு” என்றேன். “மாமா, எல்லாரும்தான் மாட்டிட்டுச் சுத்தறாங்க, நான் மட்டுமா?” என்றான். எல்லோரும் மாட்டியிருப்பது கோர்ட்டில் ஒரு பதிலே இல்லை. அன்றைக்கே போனில் கட்டினான். பரணில் கிடந்த கம்பெனி சைலன்சர் அடுத்த வாரம் கீழே இறங்கியது. இந்தோரியை விற்றுவிட்டதாகச் சொல்கிறான், நான் துருவிக் கேட்கவில்லை.

என் விஷயத்தில் என்னைக் கட்ட விடாமல் தடுத்தது பிரிவு 200. அபராதம் கட்டி முடித்துக்கொள்வதற்கு இணக்கத் தீர்வு என்று பெயர். கட்டிவிட்டால் அந்த வழக்கு அதோடு முடிந்தது. ஆனால் 2019 திருத்தம் இதில் ஒரு வாலைச் சேர்த்தது: கட்டி முடித்தாலும், பிற்பாடு அதே குற்றத்தில் மாட்டினால், இது முதல் தடவையாகக் கணக்கில் வரும். அதாவது, ‘ஆயிரம்தானே, தொல்லை விட்டது’ என்று கட்டுகிறவர் இரண்டாவது முறைக்கான படியில் ஏறி நிற்கிறார். இருபத்தைந்து வருடப் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட், ஒழுங்காக இருந்தாலும் ஊரைக் கூட்டும் வண்டி. எனக்கு இன்னொரு சோதனை நிச்சயம் வரும். செய்யாத கட்-அவுட்டுக்கு என் பெயரில் ஒரு முதல் தடவை பதிவாவதில் எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சைலன்சர் வாங்கிய பில், ஆர்சி புதுப்பித்த தாள், பிடிபட்ட இடத்திலேயே எடுத்த போட்டோ, மெக்கானிக் பில். எதிர்ப்பக்கம் சலானில் ஒரே ஒரு படம், பின்பக்க நம்பர் பிளேட்டும் சைலன்சர் வாயும் தெரிகிற மாதிரி. பென்ட் பைப்பே அந்தப் படத்தில் இல்லை. கட்-அவுட் இருப்பதென்றால் அங்கேதான் இருக்க வேண்டும்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் பரப்பினேன். அவர் மெக்கானிக் பில்லையும் கரி படிந்த போட்டோவையும் மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். “இது ரெண்டும் உங்களுக்குச் சாட்சியில்ல, உங்களுக்கு எதிரான சாட்சி.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் விளக்கினார்: கட்-அவுட் இல்லை என்று இது காட்டும், சரி. கூடவே வண்டியின் புகைக்குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அதோடு ரோட்டில் ஓட்டினீர்கள் என்றும் காட்டும். விதி 120 சத்தத் தரத்துக்கு ஏற்றபடி வண்டியைப் பராமரிக்கவும் சொல்கிறது. இந்த மாதிரி சம்மன் வழக்கில், குற்றச்சாட்டில் என்ன எழுதியிருந்தாலும், ஒப்புக்கொண்ட அல்லது நிரூபணமான விஷயத்திலிருந்து வேறு குற்றம் தெரிந்தால், அதற்குத் தண்டனை தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆயிரத்துக்குப் போய்ப் பத்தாயிரத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“கேட்டா சொல்லுங்க. கேக்காததைக் கொண்டுபோய்க் கொட்டாதீங்க. கட்-அவுட் இருந்துச்சுனு நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை.”

அந்த ஒரு ஆலோசனை அவருடைய ஃபீஸுக்குத் தகும் (வாங்கவில்லை, அது வேறு). நம் ஆட்கள் கோர்ட்டில் செய்வது நேர் எதிர். ஆதியோடு அந்தமாகக் கதை சொல்லி, நடுவில் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வார்கள்.

எதிர்ப்பதென்று முடிவெடுத்த பிறகு வழிமுறை அப்போது பெரிய சிரமமாக இல்லை. மெய்நிகர் நீதிமன்றம் இருந்த இடங்களில் வழக்கு அங்கே போனதும் இணையத்திலேயே அபராதம் கட்டுகிறேன், வழக்கை எதிர்கொள்கிறேன் என்று இரண்டு வாய்ப்பு காட்டியது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான கோர்ட்டுக்கு மாறிவிட்டது. எனக்குச் சலான் போட்ட ஊரிலேயே நான் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். எதிர்க்கிறேன் என்பதற்கும் சும்மா விட்டுவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. கட்டாமலும் எதிர்க்காமலும் கிடக்கும் சலான் வண்டியின் பதிவில் ஒட்டிக்கொண்டு, பெயர் மாற்றம், புதுப்பிப்பு என்று ஆர்டிஓ ஆபீஸ் போகும்போது குறுக்கே நிற்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்சியில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சலான் தகவல் பழைய ஓனருக்குப் போய்க்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று, சலான் பாக்கி என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். அரசுத் தளம் டாட் கவ் டாட் இன் என்று முடியும், அதில் நீங்களே போய் வண்டி நம்பர் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து சம்மன் வந்தது, உள்ளூர் ஸ்டேஷன் கான்ஸ்டபிள் கையில். அவர் வாசலில் நின்ற இரண்டு நிமிடத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை. எதிர்ப்பதா என்று யோசிக்கிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கலாம், வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதி குறையும்.

கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் மாஜிஸ்திரேட் பிரிவைப் படித்து, “குற்றத்தை ஒத்துக்கறீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்கம்மா.”

பெஞ்ச் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். என் முன்னால் நின்றிருந்த அத்தனை பேரும் ஒப்புக்கொண்டு பணத்தோடு கவுண்டருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாட்சி விசாரணைக்கு வாய்தா போட்டார்கள். அடுத்த வாய்தாவுக்கு எஸ்ஐ பந்தோபஸ்து டூட்டியில் போய்விட்டார், இன்னொரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் விடிகாலையில் கிளம்பி, பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் நின்றுவிட்டு, சாயங்காலம் திரும்பி வர வேண்டும். புல்லட்டில் போகவில்லை, பஸ்தான்.

எஸ்ஐ வந்த அன்று நேர்மையாகவே சொன்னார்: சத்தம் அதிகமாக இருந்தது, வெடிச்சத்தம் வந்தது, நிறுத்திச் சலான் போட்டேன். எஸ்ஐயிடம் ஏதாவது கேள்வி கேட்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார் மாஜிஸ்திரேட். வக்கீல் சொல்லிக் கொடுத்த இரண்டே கேள்விகள்தான் என்னிடம் இருந்தன.

“சார், சைலன்சருக்கு முன்னாடி பைப்பில் ஏதாவது திறப்பு இருந்ததா, பார்த்தீங்களா?”

“அப்படிக் குனிஞ்சு பாக்கல.”

“சலான் படத்தில் அந்தப் பைப் தெரியுதுங்களா?”

“தெரியல.”

சைலன்சர் வாங்கிய பில்லையும், ஆர்சி தாளையும், அந்த இடத்தில் எடுத்த போட்டோக்களையும் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, வக்கீல் பயந்த கேள்வியையே கேட்டார். “கம்பெனி சைலன்சர்னா அப்புறம் ஏன் அவ்வளவு சத்தம்?”

தொண்டை வறண்டது. “பைப் போல்ட் வழியில லூசாயிடுச்சுங்கம்மா. மறுநாளே மாத்திட்டேன், பில் இருக்கு.” பில்லை வாங்கித் தேதியைப் பார்த்தார். பழைய வண்டி வைத்திருப்பவர் கிளம்பும் முன் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். பிறகு கட்-அவுட் இருந்ததற்கு ஆதாரமில்லை என்று விடுதலை. வேறொரு மாஜிஸ்திரேட்டாக இருந்திருந்தால் அந்தப் பதிலை வேறு விதமாக எடுத்திருக்கலாம் என்று வக்கீல் இன்றைக்கும் சொல்கிறார். மறுநாள் தேதியிட்ட அந்தப் பில்தான் கைகொடுத்தது என்பது என் கட்சி. ஒரு மாதம் கழித்துச் சரிசெய்திருந்தால் நான் அதே வாயால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

பணக் கணக்கில் பார்த்தால் நஷ்டம். பஸ், சாப்பாடு, லீவு எல்லாம் சேர்த்தால் அபராதத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகியிருக்கும். ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக யாரும் இதில் இறங்க வேண்டாம். உள்ளூரிலேயே கோர்ட், கையில் தாள் இருக்கிறது, எழுதிய பிரிவு நிஜமாகவே பொருந்தவில்லை, அதே குற்றத்தில் மறுபடி மாட்ட வாய்ப்புள்ள வண்டி என்றால் யோசிக்கலாம். போட்ட பிரிவு தப்பு, ஆனால் சரியான பிரிவு அதைவிடப் பெரியது என்றால் கட்டிவிட்டு வண்டியைச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். வண்டியை மாற்றாமல் சலானை மட்டும் கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. 182ஏ(4) எழுதத் தெரிந்த எஸ்ஐ எங்கேயாவது ஒரு ரோட்டில் நின்றுகொண்டிருப்பார்.

விடுதலை என்று சொன்னதோடு வேலை முடிந்துவிடவில்லை. தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் சலான் அப்படியே ‘நிலுவை’ என்று நின்றது. தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போட்டிருந்தேன். சான்றிட்ட நகல் வந்ததும் ஒரு ஜெராக்ஸைச் சலான் போட்ட ஆபீஸில் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினேன். அதன் பிறகும் சில வாரம் இழுத்து, ஒரு போன், ஒரு நினைவூட்டல் கடிதம் என்று போய்த்தான் திரையில் மாறியது. சான்றிட்ட நகல் ஆர்சியோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது, 2028-ல் மறுபடி புதுப்பிக்கப் போகும்போது கவுண்டரில் யாராவது பழைய சலானைக் கிளறினால் காட்டுவதற்கு.